வாக்குக்கும் ஒரு பேரேடு

திருப்பூரில் ஒரு பனியன் உருவாகி முடிப்பதற்குள் எத்தனை கை மாறுகிறது என்று வரிசையாகச் சொன்னாலே மூச்சு வாங்கும். நூல் வாங்க வேண்டும், நிட்டிங் போட வேண்டும், டையிங்குக்கு அனுப்ப வேண்டும். பிறகு காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இவற்றில் பலவும் வெளியே ஜாப் ஒர்க்காக நடப்பவை. பட்டன், லேபிள், எலாஸ்டிக், அட்டைப்பெட்டி தருபவர்கள் தனி. ஏற்றுமதி என்றால் பையிங் ஹவுஸ், அங்கே உட்கார்ந்திருக்கும் மெர்ச்சண்டைசர், ஷிப்பிங் ஏஜென்ட், வங்கி அதிகாரி என்று வரிசை இன்னும் நீளும். இருபது தையல் மெஷின் வைத்திருக்கும் சிறு முதலாளிகூட நூற்றுக்கணக்கான பேரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஊர் வழக்கில் இவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: பார்ட்டி.

இந்தப் பார்ட்டிகளைப் பற்றிய விவரம் எங்கே இருக்கிறது? பணம் சம்பந்தப்பட்டது டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்த பில்லுக்கு எத்தனை நாள் ஆயிற்று என்பதெல்லாம் உடனே வந்துவிடும். குறுந்தொழில்களுக்கும் சிறுதொழில்களுக்கும் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளில் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால் அந்த நாள் கணக்கை இப்போது ஆடிட்டரும் கேட்கிறார். ஆனால் ‘அடுத்த லாட்டில் ஷேடு மாறாமல் பார்த்துக்கொள்கிறேன்’ என்று டையிங்காரர் சொன்னது, ‘மார்ச்சில் புது பையர் வருகிறார், சாம்பிள் எடுத்து வையுங்கள்’ என்று மெர்ச்சண்டைசர் சொன்னது, பையன் கல்லூரிச் சேர்க்கைக்கு உதவுவதாக நாம் ஒருவரிடம் சொன்னது, இவை எதுவும் டேலியில் இல்லை. முதலாளியின் தலையிலும் போனிலும் இருக்கின்றன. போனைத் திறந்தால் ‘செந்தில் டையிங்’, ‘செந்தில் டையிங் புதுசு’, ‘செந்தில் லாரி’, வெறும் ‘செந்தில்’. நான்காவது செந்தில் யார் என்பது அவர் கூப்பிட்டால்தான் தெரியும்.

இந்தக் குறையைத் தீர்க்கவே வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருள் என்று ஒரு பெரிய தொழிலே வளர்ந்திருக்கிறது. 1987-இல் டல்லஸில் உருவான ‘ஆக்ட்’, 1993-இல் தொடங்கிய சீபெல், 1999-இல் வந்த சேல்ஸ்ஃபோர்ஸ் என்று அதன் வம்சாவளி போகும். 2005-இல் சென்னையிலிருந்து ஸோஹோவும் இதில் இறங்கியது. கருவிக்குப் பஞ்சமே இல்லை. இருந்தும், வாங்கிய மென்பொருளில் முதல் மாதம் ஆர்வமாக ஏற்றிய 300 பெயர்களோடு கணக்கு உறைந்து நிற்பதைச் சிறு நிறுவனங்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். சோம்பேறித்தனம் என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அதே ஊரில், அதே ஆட்கள், தலைமுறை தலைமுறையாக ஓர் உறவுக் கணக்கைப் பிசகாமல் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மொய் நோட்டைச் சொல்கிறேன். கல்யாண மண்டபத்து வாசலில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெயர், ஊர், தொகை எழுதப்படும். வீட்டுக்கு வந்ததும் அந்த நோட்டு பத்திரமாகப் பெட்டிக்குள் போகும். பிறகு எவர் வீட்டிலிருந்தாவது பத்திரிகை வரும் நாளில்தான் அது வெளியே எடுக்கப்படும்: ‘அவர் நமக்கு என்ன செய்தார் பார்.’ பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் மொய்க்கென்றே விருந்து வைத்து லட்சங்களைத் திரட்டும் வழக்கம் முழுக்க இந்த நோட்டின் மேல்தான் நிற்கிறது.

வடிவமைப்பாளரின் கண்ணோடு பார்த்தால் இதில் கவனிக்க நிறைய இருக்கிறது. பணம் கைமாறும் இடத்திலேயே எழுத்து நடக்கிறது. ‘பிறகு ஏற்றிக்கொள்ளலாம்’ என்பதே கிடையாது. விருந்தை நடத்துபவருக்கு அன்று எழுத நேரம் இருக்காது என்பதால் எழுதுவதற்கென்றே ஓர் ஆள் உட்கார்கிறார். கொடுத்தவரும் தன் பெயர் எழுதப்படுகிறதா என்று நின்று பார்ப்பார். பதிவு சரியாக இருப்பதில் அவருக்கும் அக்கறை. குறிக்கப்படுவது மூன்றே விவரம்தான். மனைவி பெயர், பிறந்தநாள், பிடித்த இனிப்பு என்றெல்லாம் கட்டங்கள் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நோட்டை எப்போது திறக்க வேண்டும் என்பதை யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை; பத்திரிகை வந்து அதைத் திறக்க வைக்கும். விற்கப்படும் மென்பொருள்களில் பல இந்த இடத்தில்தான் தோற்கின்றன. எழுதுவதற்கு நூறு கட்டம் தருகின்றன, திறப்பதற்கு ஒரு காரணம்கூடத் தருவதில்லை.

மொய் நோட்டின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அது இரண்டு தரப்புக்கு இடையே உள்ள கடனை மட்டுமே அறியும். ஒருவர் மூலம் இன்னொருவர், அவர் மூலம் மூன்றாமவர் என்று விரியும் தொழில் உறவுக்கு அது போதாது. நேரில் பார்த்திராத ஒருவரை நம்பிச் சரக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது.

அந்தக் கேள்விக்குப் பெரிய அளவில் பதில் தேடியவர் நியூயார்க் பட்டு வணிகர் லூயிஸ் டாப்பன். அடிமை முறையை எதிர்த்த இயக்கத்தில் முன்னணியில் நின்றவர். அமிஸ்டாட் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் விடுதலைக்காக வழக்கு நடத்தியவர்களில் ஒருவர். அவருடைய அண்ணன் ஆர்தரின் பட்டுக் கடை, உள்நாட்டுச் சிறு வணிகர்களுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்து 1837-ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் விழுந்தது. ஓஹையோவில் கடை வைத்திருப்பவர் நாணயமானவரா என்று நியூயார்க்கில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. பழைய முறையில், வாங்க வருபவர் தன் ஊர்ப் பெரியவரிடமிருந்து ஒரு சிபாரிசுக் கடிதம் கொண்டுவருவார். தனக்கு வேண்டியவரிடம் வாங்கிய கடிதத்தின் மதிப்பு என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

1841-இல் டாப்பன் ‘மெர்க்கண்டைல் ஏஜென்சி’யைத் தொடங்கினார். ஊர் ஊராக நிருபர்களைப் பிடித்தார், பெரும்பாலும் வக்கீல்கள். அங்குள்ள வணிகர்களின் சொத்து, குணம், குடிப்பழக்கம், குடும்ப நிலை எல்லாவற்றையும் அவர்கள் எழுதி அனுப்புவார்கள். நியூயார்க் அலுவலகத்தில் எழுத்தர்கள் அவற்றை மாகாணம், மாவட்டம் வாரியாகப் பெரிய பேரேடுகளில் கையால் எழுதிச் சேர்ப்பார்கள். சந்தா கட்டிய வணிகர் அலுவலகத்துக்கு நேரில் வந்து கேட்டால் உரிய பகுதியைப் படித்துக் காட்டுவார்கள். நகல் தர மாட்டார்கள். பின்னாளில் ஆர். ஜி. டன் கைக்குப் போய், 1933-இல் பிராட்ஸ்ட்ரீட்டோடு இணைந்து, இன்றும் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற பெயரில் இயங்குவது இதே நிறுவனம்தான். அந்தப் பழைய பேரேடுகள் சுமார் 2,580 தொகுதிகள் ஹார்வர்டின் பேக்கர் நூலகத்தில் இருக்கின்றன.

ஆயிரக்கணக்கான வக்கீல்கள் ஏன் மெனக்கெட்டு எழுதினார்கள்? ஆரம்ப காலத்தில் டாப்பன் அவர்களுக்குச் சம்பளம் தரவில்லை. அதற்குப் பதிலாக, அந்த ஊரில் வாராக்கடன் வசூலிக்க வேண்டிவந்தால் அந்த வழக்கு அறிக்கை எழுதிய வக்கீலுக்கே போகும். எழுதுவதால் எழுதுபவருக்கே வருமானம். இந்த ஏற்பாடு இல்லையென்றால் டாப்பனின் பேரேடு ஆறு மாதத்தில் வெறும் தாளாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1988-இல், ஜோனதன் குரூடின் என்ற ஆய்வாளர் குழுவாகப் பயன்படுத்தும் கணினி நிரல்கள் ஏன் தோற்கின்றன என்று எழுதிய கட்டுரையில் இதையே மறுபக்கத்திலிருந்து பிடித்தார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, கூட்டங்களுக்குத் தானாகவே நேரம் குறிக்கும் நிரல். அது வேலை செய்ய அலுவலகத்தில் எல்லோரும் தங்கள் நாட்காட்டியைக் கணினியில் ஏற்றி வைக்க வேண்டும். பலனோ கூட்டம் கூட்டும் மேலாளருக்கு. உழைப்பு ஒருவருக்கும் பலன் இன்னொருவருக்கும் என்றால் அந்த நிரல் நிலைக்காது என்பது அவர் முடிவு. விற்பனைப் பிரதிநிதி ஊர் ஊராக அலைந்துவிட்டு இரவு பத்து மணிக்கு லாட்ஜில் உட்கார்ந்து இருபது கட்டங்களை நிரப்ப வேண்டும். அதை வைத்து மேலாளர் மறுநாள் காலை ‘ஏன் இந்தப் பார்ட்டி முடியவில்லை’ என்று கேட்பார். பிரதிநிதி ஒப்புக்கு நிரப்புவதில் வியப்பென்ன இருக்கிறது?

டாப்பனிடம் கற்க இன்னொன்றும் உண்டு, அது எச்சரிக்கை. ஓஹையோவின் நார்வாக் ஊர்க் கடைக்காரர் ஒருவரின் மனைவி விவாகரத்து கேட்கப்போகிறார், அதனால் சொத்து கைமாறப்போகிறது என்ற ரீதியில் ஓர் அறிக்கை பேரேட்டில் ஏறியது. அதை நம்பி நியூயார்க் வணிகர்கள் சரக்கு தர மறுத்தார்கள். பியர்ட்ஸ்லி என்ற அந்தக் கடைக்காரர் அவதூறு வழக்குப் போட்டார். 1851-இல் ஜூரிகள் அவருக்கு 10,000 டாலர் தரச் சொன்னார்கள். மேல்முறையீடு இழுத்து இழுத்து, 1870-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. ஒரு வரிக் குறிப்புக்காக இருபது ஆண்டு வழக்கு. கேள்விப்பட்டதை நடந்ததாக எழுதியதுதான் பிழை.

இந்த இரண்டு பழைய ஏற்பாடுகளையும் கையில் வைத்துக்கொண்டு, பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு திருப்பூர் நிறுவனத்துக்கு என்ன செய்யலாம் என்று பார்க்கலாம். டேவிட் ராக்ஃபெல்லர் மாதிரி செய்ய முடியாது என்பதை மட்டும் முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். சேஸ் வங்கியின் தலைவராக இருந்த அவர் சுமார் ஒரு லட்சம் பேரைப் பற்றி இரண்டு லட்சம் அட்டைகள் வைத்திருந்தார் என்று அவர் 2017-இல் காலமான பிறகு செய்தி வந்தது. தனியாகச் செய்யப்பட்ட, ஆளுயரத்தை எட்டும் ஒரு சுழல் இயந்திரத்தில் அவை அடுக்கப்பட்டிருந்தன. ஹென்றி கிஸ்ஸிஞ்சருக்கு மட்டும் 35 அட்டை. அதைப் பராமரிக்க அவரிடம் அலுவலர்கள் இருந்தார்கள். நம்மிடம் ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார், அவருக்கும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யவே நேரம் போதவில்லை.

முதல் வேலை, ஆளையும் நிறுவனத்தையும் பிரித்து எழுதுவது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். பெரும்பாலான பட்டியல்கள் குலைவது இங்கேதான். மெர்ச்சண்டைசர் ஒரு பையிங் ஹவுஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருப்பார். ஒரே வரியில் ‘இன்னார், இன்ன கம்பெனி’ என்று எழுதினால், அவர் மாறியதும் பழைய வரியை அழித்துப் புதிதாக எழுதுவோம். அப்போது இரண்டு செய்திகள் தொலையும்: அவர் அங்கே இருந்தபோது நமக்குக் கொடுத்த ஆர்டர் எது என்பது ஒன்று, அந்த நாற்காலியில் இப்போது யார் இருக்கிறார் என்பது இன்னொன்று. ஆட்களுக்கு ஒரு தாள், நிறுவனங்களுக்கு ஒரு தாள், ‘இவர் அங்கே, இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை’ என்று இரண்டையும் இணைக்கும் மூன்றாவது தாள். எக்செல்லிலேயே இதைச் செய்யலாம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார்கள் தங்கள் தொழிலில் ஆளையும் நிறுவனத்தையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்தே வைத்திருந்தார்கள். முன்னோர், பங்காளிகள் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த விலாசம்தான் நிறுவனத்தின் அடையாளம். ரங்கூனிலோ பினாங்கிலோ கடையில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் மாறுவார், விலாசம் மாறாது.

அடுத்தது பெயர். ஆங்கிலேயருக்காகவும் அமெரிக்கருக்காகவும் எழுதப்பட்ட மென்பொருள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்கு இனிஷியல்தான் உண்டு. அதுவும் ஆளுக்கு ஆள் முன்னும் பின்னும் போகும். நாம் ஒருவரை நினைவுகூரும் விதமே வேறு. ‘நம்ம அவிநாசி ரோட்டுக்காரர், காம்பாக்டிங் வைத்திருக்கிறாரே, மாமா மூலமாக வந்தவர்’ என்போம். ஊர், தொழில், அறிமுகம் செய்தவர் என்ற மூன்றும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன. தேடும்போது இந்த மூன்றால் தேட முடியாத பட்டியல் நமக்கு உதவாது. ஆகவே ஆள் தாளில் போன் எண்ணுக்கு அடுத்தபடியாக இந்த மூன்றும் வர வேண்டும். எண்ணையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கடை எண் இருக்கும், ஒரே ஆளுக்கு மூன்று எண் இருக்கும். எண்ணை நம்ப வேண்டாம். ஆளுக்கு ஒரு வரிசை எண் கொடுத்துவிடுவதே நல்லது.

‘அறிமுகம் செய்தவர்’ என்ற கட்டத்தை நான் விடாப்பிடியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் சந்தையில் அறிமுகம் செய்பவர் பாதி ஜாமீன்தாரர். சரக்கு நின்றுபோனாலும் பணம் நின்றுபோனாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். ஓராண்டு இந்தக் கட்டத்தை ஒழுங்காக நிரப்பினால் வேறொன்றும் வெளிச்சமாகும். நம் பார்ட்டிகளில் எத்தனை பேர் ஒரே மூன்று நான்கு பேர் வழியாக வந்தவர்கள், அந்த மூன்று நான்கு பேரும் எந்தச் சொந்த பந்தத்துக்குள் இருக்கிறார்கள் என்பது தாளில் தெரியும்.

திருப்பூரைப் பொறுத்தவரை இது வெறும் ஊகம் இல்லை. அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதே பின்னலாடைத் தொழிலைத்தான் எடுத்துக்கொண்டது. உள்ளூர்க் கவுண்டர் சமூகத்துத் தொழில்முனைவோர் கூடுதல் முதலோடு தொழிலில் இருந்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடு வந்தும் உற்பத்தியில் வேகமாக வளர்ந்தார்கள். பணம் அதிகம் பலன் தரும் இடத்துக்குப் போகாமல், தெரிந்தவர் இருக்கும் இடத்துக்குப் போயிருக்கிறது. தொடர்புப் பட்டியலும் அப்படித்தான், எழுதியவரின் சாதியையும் ஊரையும் சுமந்துகொண்டே வளரும். அதை மாற்ற வேண்டுமா என்பது முதலாளியின் விருப்பம். தன் பட்டியல் எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்பதே என் வாதம்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது மார்க் கிரனோவெட்டரின் 1973-ஆம் ஆண்டுக் கட்டுரை. பாஸ்டனுக்கு அருகே நியூட்டன் ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் ‘அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்’ என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் வேலை கிடைத்தவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது பார்ப்பவர் மூலம் 55.6, அரிதாகப் பார்ப்பவர் மூலம் 27.8. நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்தில் இருப்பவரிடம்தான் புதிய செய்தி. 2011-இல் டேனியல் லெவினும் அவர் கூட்டாளிகளும் இன்னும் ஒரு படி போய், பல ஆண்டுகளாகப் பேச்சற்றுப் போன பழைய தொடர்புகளைத் தேடிப்பிடித்து ஆலோசனை கேட்கும்படி நிர்வாகிகளைச் செய்ய வைத்தார்கள். அந்த ஆலோசனைகள் நடப்புத் தொடர்புகளிடமிருந்து வந்தவற்றுக்குச் சளைத்தவையாக இல்லை. ஆகவே இரண்டு ஆண்டு பேசாதவர் பெயரை அழித்து இடத்தைச் சுத்தம் செய்யும் ஆர்வத்தை அடக்கிக்கொள்ளலாம்.

அப்படியென்றால் எல்லோரோடும் தொடர்ந்து பேசிக்கொண்டே இருக்க முடியுமா? இங்கே கூட்டல் பெருக்கல் போட்டுப் பார்ப்பது நல்லது. மாதம் ஒருமுறை பேச வேண்டியவர் 15 பேர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 35 பேர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 180, 140, 200. மொத்தம் 520 பேச்சு. வேலை நாள் 300 என்றால் நாளுக்கு இரண்டுக்கும் குறைவு. டீ குடிக்கும் நேரத்தில் முடியக்கூடியது. அதே நேரத்தில் ஆயிரம் பேரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று போட்டால் 4,000 பேச்சு, நாளுக்கு 13-க்கு மேல். அந்தத் திட்டம் இரண்டாவது வாரமே படுத்துவிடும். மனிதரால் சுமார் 150 பேரோடுதான் நிலையான உறவு வைத்துக்கொள்ள முடியும் என்று ராபின் டன்பார் 1990-களின் தொடக்கத்தில் சொன்னது புகழ்பெற்றது. அப்படி ஒரே எண்ணைக் கணித்துவிட முடியாது என்று 2021-இல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் மறுத்தார்கள். நமக்கு அந்தச் சண்டையில் பக்கம் எடுக்க வேண்டிய தேவை இல்லை. நம்முடைய வரம்பை மூளைக்கு முன்னால் கடிகாரமே சொல்லிவிடுகிறது. மேலே கணக்குப் போட்ட 150 பேருக்கு வெளியே உள்ளவர்கள் தாளில் இருக்கட்டும். தேவை வரும்போது தேடிக்கொள்ளலாம்.

தீபாவளி, பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் ஒரே படத்தைத் தட்டிவிடுவதை இந்த 520-இல் சேர்க்கக்கூடாது. அனுப்பியவருக்கு மட்டுமே அது நினைவிருக்கும்.

இனி, அமைப்பின் நடுநாயகமான தாளுக்கு வருகிறேன். அது ஆட்களின் தாள் இல்லை, பேச்சின் தாள். தேதி, யாரோடு, என்ன பேச்சு, யார் யாருக்கு என்ன செய்வதாகச் சொன்னார்கள், எந்தத் தேதிக்குள். இந்த ஐந்தும் ஒரே வரியில். ‘12.6. டையிங் செந்தில். கருநீலம் ஷேடு மாறியது பற்றிச் சொன்னேன். அடுத்த லாட் முன்சாம்பிள் அனுப்புவார். 18-க்குள்.’ நாம் சொன்ன வாக்கும் அவர்கள் சொன்ன வாக்கும் ஒரே தாளில், ஒரே மாதிரி. பெரும்பாலான விற்பனை மென்பொருள்கள் மற்றவர் நமக்குத் தர வேண்டியதைத்தான் துரத்தும். நாம் தர வேண்டியது அங்கே ‘பணி’ என்ற வேறொரு மூலையில் கிடக்கும். ஆனால் சந்தையில் ஒருவருடைய பெயர் நிற்பதும் கெடுவதும் தான் சொன்னதைச் செய்தாரா என்பதில்தான். பற்றையும் வரவையும் பிரித்து இரண்டு நோட்டில் எழுதும் கணக்குப்பிள்ளையை யாரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள்.

எழுதுவது யார், எப்போது? போனை வைத்த கையோடு எழுத வேண்டும் என்பது சரிதான், நடக்காது. நடக்கக்கூடியது இது: நிறுவனத்துக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு. பேசி முடித்ததும் அதில் பத்து நொடிக் குரல் செய்தி. அலுவலகத்தில் இருக்கும் ஒருவர் மாலையில் அதைக் கேட்டு வரிகளாக்குவார். மண்டபத்து வாசலில் எழுத ஓர் ஆளை உட்கார வைப்பதுபோலத்தான். அவருக்கு இது கூடுதல் சுமை என்றால் சம்பளத்தில் சேர்க்க வேண்டும், வேறு வழியில்லை. பேசியவருக்கும் பலன் வேண்டும்: மறுநாள் காலை அவர் யாரைக் கூப்பிட வேண்டும், கடைசியாக என்ன பேச்சு என்பது அவருக்குத் தானாக வந்து சேர வேண்டும். எழுதியதற்குக் கூலி அதுதான். முதலாளி இந்தத் தாளை வைத்து ஒருவரைத் திட்ட ஆரம்பித்தால் மறுநாளிலிருந்து வரிகள் பொய்யாகிவிடும். இந்த விதியை மீறாத முதலாளியைக் கண்டுபிடிப்பது மென்பொருளைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம்.

திறப்பது எப்போது என்பதும் அப்படியே கட்டிப்போடப்பட வேண்டும். ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் தேர்தல் பொறுப்பாளர் ஜேம்ஸ் ஃபார்லி, சந்தித்தவர்களைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்து வைத்து, அடுத்த சந்திப்புக்கு முன்னால் அவற்றை எடுத்துக்கொடுப்பார். அமெரிக்க அரசியலில் அந்த ஏற்பாட்டுக்கு ‘ஃபார்லி ஃபைல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நமக்கு இரண்டு நேரங்கள் போதும். ஒருவரைப் பார்க்கக் கிளம்புமுன் அவர் பெயரில் உள்ள கடைசி ஐந்து வரிகள். சம்பளம் பட்டுவாடா ஆகும் சனிக்கிழமை, தேதி தாண்டிய வாக்குகள் மட்டும். புதிதாக ஒரு நாளைக் கண்டுபிடிக்காமல், ஏற்கெனவே அலுவலகம் நின்று கணக்குப் பார்க்கும் நாளோடு சேர்த்துவிடுவதே நிலைக்கும்.

எக்செல்லா, கூகுள் ஷீட்டா, மென்பொருளா என்ற கேள்விக்கு அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். ஆறு மாதம் தாளில் ஓடிய அமைப்பைத்தான் மென்பொருளுக்கு மாற்றலாம். ஒரே நேரத்தில் மூன்று பேர் எழுத வேண்டிவரும்போது, யார் எதைப் பார்க்கலாம் என்று பிரிக்க வேண்டிவரும்போது மாறினால் போதும்.

அமைப்புக்கு உண்மையான சோதனை, ஆள் மாறும் நாளில் வரும். நகரத்தார் வட்டித் தொழிலில் இது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வந்தது. சம்பளச் சீட்டு எழுதி அனுப்பப்பட்ட ஏஜென்ட் பர்மாவில் மூன்று ஆண்டு கடையை நடத்திவிட்டு ஊர் திரும்புவார், அடுத்தவர் போவார். 1930 வாக்கில் பர்மாவில் 1,600-க்கு மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன என்று வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. அத்தனை கடைகளிலும் கடன் வாங்கிய விவசாயியைத் தெரிந்த ஆள் போய்த் தெரியாத ஆள் வந்தும் தொழில் நின்றுவிடவில்லை. நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்ற கணக்குமுறை எல்லாக் கடைகளுக்கும் பொதுவாக இருந்தது ஒரு காரணம். மேலாளுக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக ஆட்கள் கடையிலேயே பழகினார்கள் என்பது இன்னொன்று. இவற்றில் இரண்டாவதை எந்த மென்பொருளும் தராது. திருப்பூரில் மெர்ச்சண்டைசரோ மார்க்கெட்டிங் பார்ப்பவரோ விலகும்போது கடைசி மாதத்தை வெறுமனே நோட்டீஸ் காலமாகக் கழிக்கிறார்கள். அந்த மாதம், அவர் கவனித்த முக்கியப் பார்ட்டிகள் ஒவ்வொருவரையும் புதியவரோடு சேர்ந்து போய்ப் பார்க்கும் மாதமாக இருக்க வேண்டும். பேச்சுத் தாளில் அவர் பெயரில் நிற்கும் வாக்குகள் ஒவ்வொன்றும் புதியவர் பெயருக்கு மாற வேண்டும். பார்ட்டியிடமும் அதைச் சொல்ல வேண்டும்: ‘இவர் உங்களுக்கு இதைச் செய்வதாகச் சொல்லியிருந்தார், இனி இவர் செய்வார்.’ விலகியவர் எண்களைப் போனில் எடுத்துக்கொண்டு போவார் என்பது உறுதி. அதைத் தடுக்க முயல்வது வீண்; எண் ஒன்றும் ரகசியம் இல்லை.

எதை எழுதக்கூடாது என்பதற்கு பியர்ட்ஸ்லி வழக்கு இருக்கிறது. 2023-இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. சொந்த உபயோகத்துக்கான போன் பட்டியல் அதற்குள் வராது. தொழிலுக்காகக் கணினியில் வைத்திருக்கும் பட்டியல் வரும். தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும், திருத்தவும் நீக்கவும் கோரவும் சம்பந்தப்பட்டவருக்கு அச்சட்டம் வழி வைக்கிறது. சட்டத்தை விடுங்கள், ஒருநாள் அந்தத் தாள் தவறுதலாக அதே பார்ட்டியின் வாட்ஸ்அப்புக்கே போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்; அப்படிப் போவது அபூர்வமும் இல்லை. ‘பணம் இழுப்பவர்’ என்று எழுதாமல் ‘ஏப்ரல் பில் 70 நாளில் வந்தது’ என்று எழுதலாம். வீட்டுப் பிரச்சினை, உடல்நிலை, சாதி ஆகிய மூன்றுக்கும் தாளில் கட்டமே இருக்கக்கூடாது. நெருங்கியவர் என்பதால் தெரிந்த விஷயம் தலையிலேயே இருக்கட்டும். பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி யாராவது கேட்டால், ஆள் தாளிலிருந்து எண்ணும் குறிப்புகளும் போக வேண்டும். பில்லும் ரசீதும் வரிச் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய காலம் வரை டேலியில் இருக்கும். இப்படி நீக்குவதை யார் செய்வது, எத்தனை நாளில் என்பதையும் முதல் நாளே ஒருவர் பெயரில் எழுதி வைத்துவிட வேண்டும். கேட்ட பிறகு யோசிக்கலாம் என்று விட்டால், அந்த எண் கணக்குப்பிள்ளை போனிலும் பழைய எக்செல் நகலிலும் பென்டிரைவிலும் இருக்கும். அடுத்த தீபாவளிக்கு அவருக்கும் படம் போகும்.